வலது காலின் ஓரம்

ஜனவரி 24, சனி

மலை இடிந்து, பாலங்கள் போய், ரயில் கோச்சி வராமல் அட்டன் ஸ்டேஷன் சும்மா கிடக்கிற அந்தக் கார்த்திகைக்கு அடுத்த தை. தோட்டத்துச் சம்பளப் பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. ஏறின கரட் கிழங்கு விலை இப்போதுதான் இறங்குகிறது. என்ன வருடம் என்று யாராவது கேட்டால் எனக்கு இப்படித்தான் சொல்ல வரும்.

காலையில் கடும் பனி. குழாய்த் தண்ணீர் கையைக் கடித்தது. பட்டறை திறக்கும்போது பூட்டு கூட ஒட்டிக்கொண்டது.

மாதா கோயில் வாசலில் மெழுகுதிரிக் கடை வைத்திருப்பவர் ஒரு பையோடு வந்தார். ஜனங்கள் நேர்ந்துகொண்டு மாதாவுக்கு மாட்ட நாங்கள் அடித்துக் கொடுத்த காணிக்கைத் தகடுகளில் வலது கால் எல்லாம் திருப்பிவிட்டார். கண் சரி, கை சரி, வீடு சரி. வலது கால் மட்டும் ஓரம் மழுங்கி, தேய்ந்த சவுக்காரம் மாதிரி இருக்கிறதாம். ஜனங்கள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்களாம்.

பட்டறைக்காரி ராணி, இறந்துபோன என் கூட்டாளியின் பெண்சாதி. வாய்க்குப் பஞ்சமில்லை. "எடது காலு நல்லாத்தானே இருக்கு. அதுல வலிக்கிறவங்களாப் பாத்து விக்கிறது" என்றாள். அவர் சிரிக்கவில்லை. பையை வைத்துவிட்டுப் போனார்.

(ராணி என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை நோகிறது. இனி ரா.)

சாயங்காலம் கோத்தகிரியிலிருந்து ஸ்டெல்லா போன் எடுத்தாள், படத்தோடு. ஸ்டெல்லா என் அக்கா அருளாயியின் மகள். அக்காவைக் காட்டினாள். சீனி வருத்தம் (அங்கே சர்க்கரை என்கிறார்கள்) காலில் இறங்கிவிட்டது. வலது கால். இரண்டு விரல் கறுத்திருக்கிறது. டாக்டர் மருந்து கொடுத்திருக்கிறார், கொஞ்ச நாள் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் காலை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா போனை வாங்கி முகத்துக்கு மிகவும் கிட்டே பிடித்தாள். நெற்றி மட்டும் தெரிந்தது.

"சவரி, மாதாவுக்கு ஒரு காலு போட்டுர்றா. நம்ம தோட்டத்துக் கோயில்ல. கடையில வாங்காத. நீ அடிச்சதா இருக்கணும்."

போடுகிறேன் என்றேன். பெப்ரவரி 11 லூர்து மாதா திருவிழா. அதற்குள் போட வேண்டும்.

போன் வைத்த பிறகு பையிலிருந்த தகடுகளைக் கொட்டிப் பார்த்தேன். இந்தக் காலையா கொண்டுபோய்ப் போடுவது.


ஜனவரி 25, ஞாயிறு

பூசை. குளிர். கம்பளிக் குல்லாயைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

தெரிந்த விஷயத்தையே எழுதி வைக்கிறேன், எழுதினால் தலை தெளிகிறது. நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. பட்டறையில் பேர்த் தகடு அடிக்கும்போது எழுத்து உளிகளைப் பார்த்துப் பார்த்து வந்த எழுத்து. அதனால் ஒவ்வொன்றாகத்தான் விழும்.

காலுக்கு எங்களிடம் இருப்பது ஒரே அச்சு. இடது கால். கீழே பெண் அச்சு, கால் வடிவத்தில் ஓட்டை. மேலே கைப்பிரஸில் ஆண் அச்சு, அதே வடிவத்தில் கட்டை. நடுவில் அலுமினியத் தகடு. பிரஸைச் சுற்றினால் ஆண் அச்சு இறங்கி, கால் அறுபட்டுக் கீழே விழும். வலது கால் வேண்டும் என்றால் விழுந்த துண்டைப் புரட்டிப்போட்டு, மறுபக்கத்தில் நகக்குறி அடிப்போம். இத்தனை வருடமும் அப்படித்தான்.

தகடு சட்டென்று அறுபடுவதில்லை. முதலில் ஓட்டையின் விளிம்பில் தொங்கி வளைகிறது, அப்புறம்தான் அறுகிறது. வளைந்த இடம்தான் மழுங்கல். அது விழுகிற துண்டின் கீழ்ப்பக்கத்தில் வரும். மேல்பக்கம் கூராக இருக்கும், கொஞ்சம் பிசிறு நிற்கும், சாக்கில் தேய்த்தால் போய்விடும். ஆக இடது காலுக்குக் கூரான பக்கம் முகமாக வருகிறது. வலது காலுக்கு மழுங்கின பக்கம். முன்பெல்லாம் அச்சு புதிது, மழுங்கல் கண்ணுக்குத் தெரியவில்லை.

அரம் போட்டால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் காணிக்கைத் தகட்டுக்கு ஒரே வெட்டு. அரம் கூடாது, கத்திரி கூடாது. இரண்டாம் முறை வெட்டினால் அந்த உறுப்புக்கு இரண்டாம் கத்தி என்று ஜனங்கள் பயப்படுவார்கள். ரா.வின் மாமனார் பட்டறை போட்ட நாளிலிருந்து இந்த வழக்கம். இதுவரை நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நேற்றிலிருந்து நினைக்கிறேன்.

குறைக் காலைக் கொடுத்துவிட்டு முழுக் காலை எப்படிக் கேட்பது.


ஜனவரி 26, திங்கள்

வெயில். பனி ஏழு மணிக்கே விட்டது.

வலது காலுக்குத் தனி அச்சு வெட்டக் கொழும்புக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். ரா. விசாரித்தாள். திருவிழாவுக்குள் வராது.

இருக்கிற அச்சையே சரிசெய்வது என்று முடிவு. ஆண் அச்சைக் கழற்றினேன். ஓரம் விரலுக்கு வழுக்கியது. எண்ணெய்க் கல்லில் பகல் முழுக்கத் தேய்த்தேன். பெண் அச்சின் மேல்முகத்தையும். கூர் இல்லாத அச்சு அறுப்பதற்குப் பதில் அமுக்கும்.

நாலு கால் அடித்தோம். புரட்டிப் பார்த்தோம். கொஞ்சம் தேவலை. சவுக்காரம், ஆனால் இரண்டு நாள் மட்டும் குளித்த சவுக்காரம். இது ரா. சொன்னது.

வாங்க வேண்டியது: சீனி இல்லாத பிஸ்கட், டோர்ச் பட்டறி, முழங்காலுக்குத் தைலம்.


ஜனவரி 27, செவ்வாய்

வீட்டுத் தகடு கேட்டு மூன்று இடத்திலிருந்து ஆள் வந்தார்கள். வலப்பனைப் பக்கத்துக்காரர் ஒருவர். இந்த வருடம் வீடுதான் போகிறது. கண்ணும் கையும் அப்படியே கிடக்கின்றன. வலப்பனைக்காரர் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, சுவரோடு சுவர் சேர்ந்த லயத்து வரிசை வீடா, தனி வீடா என்று கேட்டார். தனி வீடு என்றாள் ரா. அப்படியானால் இரண்டு கொடுங்கள், மகனுக்கும் சேர்த்து என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கால். தகடு மாற்றிப் பார்த்தேன். கொழும்பிலிருந்து வருகிற புதுச் சுருள் ரொம்ப மெது. கையாலேயே மடியும். மெதுத் தகடு அதிகம் தொங்கும், அதிகம் மழுங்கும். அச்சகத்தில் ஒருமுறை அடித்துவிட்டுப் போடுகிற பழைய தகடு விறைப்பானது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அச்சகத்தில் கேட்டேன், ஒரு கட்டுக் கொடுத்தார்கள். மேலே யாருடையதோ கல்யாணப் பத்திரிகை, எழுத்துத் தலைகீழாக. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் போகிறது.

விறைப்புத் தகட்டில் மழுங்கல் பாதியாயிற்று. ஆனால் நகக்குறி அடித்தபோது பெருவிரலில் கீறல் விட்டது. நெருப்பில் லேசாகக் காட்டினால் கீறாது, ஆனால் மறுபடி மெதுவாகிவிடும். உளியின் முனையைக் கொஞ்சம் உருட்டினேன், மெல்லத் தட்டினேன். கீறவில்லை.

உருட்ட வேண்டியதை உருட்டுகிறேன். உருளக் கூடாதது உருளுகிறது.


ஜனவரி 30, வெள்ளி

இரண்டு நாள் எழுதவில்லை. முழங்கால் வலி.

இன்று பெண் அச்சின் ஓட்டையைச் சுற்றி மெல்லச் சுத்தியலால் தட்டி, விளிம்பை உள்ளே தள்ளினேன். அது மெது இரும்பு, தள்ளினால் வரும். அப்புறம் ஆண் அச்சை எண்ணெய் விட்டு மெதுவாக இறக்கினால் அது தனக்கு வேண்டிய வழியைத் தானே சீவிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் முன்னே பீடித்தாள் நுழைந்தது, இப்போது நுழையவில்லை. இடைவெளி குறைந்தால் தகடு தொங்க இடமில்லை.

அடித்தேன். விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஓரம் வெட்டின கண்ணாடி மாதிரி. சுண்டுவிரல் முனை கூட நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உட்கார்ந்து நகக்குறி அடித்தேன், அஞ்சும் அழகாக விழுந்தது. சாக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கி, ரா. டீ கொண்டு வரும்போது அவள் கையில் கொடுத்தேன்.

அவள் அதைத் தன் காலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். அப்புறம் மற்றக் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே, இது எடது காலு."

ஓரம் நன்றாக இருந்த சந்தோஷத்தில் புரட்டாமலே குறி அடித்திருக்கிறேன். புரட்டிப் பார்த்தோம். அந்தப் பக்கம் மழுங்கல் இருக்கிறது. குறைவு, ஆனால் இருக்கிறது.

ரா. சிரித்தாள், நானும் சிரித்தேன். வெளியே மீன் வியாபாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். மாதாவுக்கு ரெண்டு எடது காலோட ஒரு மனுசியத் தெரியாமலா இருக்கும் என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை என் பக்கம் தள்ளினாள்.


பெப்ரவரி 1, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோத்தகிரிக்குப் போன். கறுப்பு ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஸ்டெல்லா குரல் களைத்திருந்தது. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன் மாமா என்றாள். பாஸ்போட் என்ன நிறம் என்று கூட எனக்குத் தெரியாது என்றேன். அவளுக்குக் கோபம்.

போக எனக்கு ஆசையில்லாமலா. வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் கொழும்பில். இந்த உலகத்தில் என்னை 'டா' போட்டுக் கூப்பிட இருப்பது ஒரு ஆள்.

அக்கா இந்த ஊரைவிட்டுப் போனது பஞ்சத்துக்கு அடுத்த வருடம். மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லாமல் ஜனம் செத்ததே, அதற்கு அடுத்த வருடம். மாப்பிள்ளைக்கு இந்தியப் பிரஜா உரிமைக் கடதாசி வந்தது. எங்கள் அப்பாவுக்கு இந்த ஊர்க் கடதாசி. ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள், கடதாசி இரண்டு. அட்டன் ஸ்டேஷனில் கோச்சியில் ஏற்றினோம், தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து கப்பல். பிளட்போம் முழுக்க ஒப்பாரி. சாவு வீட்டில் கூட அவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. ஏறும்போது நெரிசலில் அவள் செருப்பு ஒன்று கழன்று தண்டவாளத்துக்குள் விழுந்துவிட்டது. கோச்சி போன பிறகு நான் இறங்கி எடுத்தேன். பச்சை வார். அக்கா ஒற்றைச் செருப்போடு இந்தியாவுக்குப் போனாள்.

எந்தக் கால் செருப்பு என்று நினைவில்லை. மத்தியானம் பூராவும் யோசித்தேன். அன்றைக்கு அப்பா போட்டிருந்த கோட்டில் எத்தனை பொத்தான் இல்லை என்று தெரிகிறது, ஸ்டேஷன் மாஸ்டர் மூக்கில் இருந்த மரு தெரிகிறது. இது தெரியவில்லை.

மலையில் கொழுந்து எடுக்கிற நாளில் அவள் காலில் அட்டை ஏறாது. கணுக்காலுக்குச் சவுக்காரமும் உப்பும் பூசிக்கொண்டு போவாள். எனக்கும் பூசிவிடுவாள். கூசும். காலை இழுத்தால் முதுகில் ஒன்று போடுவாள்.


பெப்ரவரி 3, செவ்வாய்

மூடுபனி. லைட் போட்டு வேலை.

எவ்வளவு இடைவெளி குறைத்தாலும் கீழ்ப்பக்கம் கொஞ்சம் மழுங்கத்தான் செய்கிறது. ரா.வோடு இதே பேச்சு. அவள் பிரஸுக்குக் கீழே குனிந்து ஓட்டை வழியாக மேலே பார்த்தாள். நான் மெல்ல இறக்கினேன். தகடு வயிறு தொங்குகிற மாதிரி தொங்கிவிட்டு அப்புறம்தான் அறுகிறது என்றாள். அப்படியே குனிந்தபடி சொன்னாள்:

"மேலேருந்துதான் எல்லாரும் அமுக்குறோம். கீழேருந்து தாங்கிப் பிடிக்க ஒருத்தர் இல்லையே அண்ணே."

சரி, தாங்கிப் பிடிப்போம். லொறிக் கராஜுக்குப் போய் எஞ்சினுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டை ஒன்று வாங்கி வந்தேன், பழசு. கால் வடிவத்தில் அறுத்து ஓட்டைக்குள் வைத்தேன், மேலே அதே வடிவத்தில் இரும்புத் துண்டு. தகடு அதன்மேல் படுத்திருக்கும். ஆண் அச்சு மேலிருந்து தள்ள, ரப்பர் கீழிருந்து எதிர்த்துத் தள்ளும். நடுவில் தகடு தொங்க முடியாது, நேராக அறுபட வேண்டும்.

அறுத்த ரப்பர் உயரம் கூடிப்போயிற்று. பிரஸ் இறங்க மறுத்தது. பலமாகச் சுற்றினேன், கால் நடுவில் மடிந்து வந்தது. இரண்டாவதும். மூன்றாவது பாதி வெட்டி அப்படியே நின்றது.

நாளைக்கு சுதந்திர தின லீவு. கடைகள் பூட்டு. நாங்கள் உள்ளே வேலை.


பெப்ரவரி 4, புதன்

ரப்பரைச் சீவினேன். இப்போது உயரம் குறைந்துபோயிற்று, தாங்கவே இல்லை. பழைய மழுங்கல் அப்படியே. அடியில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து உயர்த்தினேன். ஒன்று வைத்தால் போதவில்லை, மூன்று வைத்தால் மடிகிறது. இரண்டு வைத்தால் ஓரம் ஒரு பக்கம் கூர், குதிகால் பக்கம் மழுங்கல்.

ரோட்டில் கொடி கட்டின ஆட்டோக்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேண்டு சத்தம்.

மத்தியானம் ரா. சோறு கொண்டுவரப் போயிருந்தாள். நான் ஒரு தகட்டைக் கையில் எடுத்தேன், அரத்தையும் எடுத்தேன். குதிகாலில் மட்டும் இரண்டு இழுப்பு. யாருக்கும் தெரியாது. அரத்தைத் தகட்டில் வைத்தபோது அக்காவின் குதிகால்தான் தெரிந்தது, தோல் வெடித்து, வெடிப்பில் தேயிலைக் கறை ஏறி. அரத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ரா. வந்து, ஏன் இப்படிக் கோழி அடைகாக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல்.


பெப்ரவரி 6, வெள்ளி

வந்துவிட்டது.

குதிகால் பக்கம் மழுங்கியதற்குக் காரணம் தகடு அந்தப் பக்கம் தூக்கிக்கொள்வது. கீழே தாங்கினால் போதாது, மேலே சுற்றிலும் தகட்டை அசையாமல் அமுக்கிப் பிடிக்கவும் வேண்டும். ஆண் அச்சைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டினோம், அச்சைவிட அரிசிமணி அளவு கீழே நிற்கிற மாதிரி. பிரஸ் இறங்கினால் முதலில் வளையம் தகட்டைப் பிடிக்கும், பிறகு அச்சு வெட்டும், கீழே ரப்பர் தாங்கும்.

வழக்கம்போல் வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராகச் சுற்றினேன். விறைப்புத் தகடு, கூரான அச்சு, இடைவெளி இல்லை, மேலே பிடி, கீழே தாங்கல். இத்தனையும் சேர்ந்தால்தான் வருகிறது. ஒன்றை விட்டாலும் கோபித்துக்கொள்கிறது.

விழவில்லை. ரப்பர் அதை மேலே தூக்கித் தந்தது, கையில் கொடுக்கிற மாதிரி.

புரட்டினேன். இந்த முறை புரட்டினேன். மழுங்கல் தேடினால்தான் தெரியும். சுண்டுவிரல் முனையில் மட்டும் ஒரு மயிர் அளவு. அதை விட்டுவிடுங்கள் என்றாள் ரா., சுண்டுவிரல் எல்லாருக்கும் உருண்டைதானே.

தரையில் வைத்துப் பார்த்தாள். வலது கால்.

நகக்குறி அடித்தேன். பின்பக்கம் சின்ன எழுத்து உளியில் அ-ரு-ளா-யி.

இனி அடிக்கிற வலது கால் எல்லாம் இப்படித்தான் என்று மெழுகுதிரிக் கடைக்காரருக்கு ரா. போனில் சொன்னாள், இந்தப் பட்டறையில் அவள் சொல்லித்தான் எல்லாம் நடக்கிறது என்கிற குரலில். உண்மைதான்.


பெப்ரவரி 8, ஞாயிறு

ஸ்டெல்லா விடியற்காலையில் எடுத்தாள். நேற்றிலிருந்து அக்காவுக்குக் காய்ச்சல். கறுப்பு பாதத்துக்கு ஏறிவிட்டது. இனி வைத்திருந்தால் உயிருக்கு ஆபத்து, செவ்வாய் காலையில் எடுக்கிறார்கள். ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

திருவிழா புதன். செவ்வாய் அதற்கு முந்தின நாள்.

தகட்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பூசையில் உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து வந்து ரா. வீட்டில் சொன்னேன். அவள் திருவிழா வரைக்கும் காத்திருக்கச் சொல்லவில்லை. நாளைக்கு முதல் பஸ்ஸில் போங்கள் என்றாள். வழியில் சாப்பிட ரொட்டி சுட ஆரம்பித்தாள்.


பெப்ரவரி 9, திங்கள்

தலவாக்கலை போய் பஸ் மாறி பூண்டுலோயா. அங்கிருந்து எங்கள் பழைய தோட்டத்துக்கு ஆட்டோ. ஆட்டோ பாதி தூரம்தான், அதற்கு மேல் ரோட்டில் மண் கிடக்கிறது. நடந்தேன். முழங்கால் ஏசிக்கொண்டே வந்தது. நல்ல வெயில், மலை இடிந்த இடங்கள் எல்லாம் செம்மண்ணாகத் திறந்து கிடக்கின்றன, நடுவில் தேயிலை பச்சையாக ஒன்றும் நடக்காத மாதிரி.

கொழுந்து எடுக்கிற பிள்ளைகள் மேலே இருந்து யாரு தாத்தா வேணும் என்று கேட்டார்கள். மாதா வேணும் என்றேன். சிரித்தார்கள். நல்ல பிள்ளைகள்.

கோயில் பூட்டியிருந்தது. உபதேசியார் வீட்டைக் கேட்டுப் போனேன். நாற்பது வயசு இருக்கும், நல்ல மனிதர். திருவிழாவுக்குப் பந்தல் போட மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். காணிக்கை எல்லாம் புதன்கிழமைதானே வாங்குவோம் ஐயா என்றார். அன்றைக்குப் போட்டால் பிந்திவிடும் என்று காரணம் சொன்னேன். கத்தியைப் போட்டுவிட்டுக் கோயில் பூட்டின் திறப்பை எடுத்து வந்தார்.

கோயில் அப்படியே இருக்கிறது. கூரைத் தகரம் மட்டும் புதிது. மாதாவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்த பலகை. கண்கள், கைகள், நிறைய வீடுகள். அக்காவின் காலை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, உங்கள் கையாலேயே மாட்டுங்கள் என்றார். மாட்டினேன். ஜன்னல் வெளிச்சம் ஓரத்தில் கோடு மாதிரி விழுந்தது. நேர்க்கோடு.

திருவிழாவில் பேர் வாசிக்க வேண்டுமே என்று கேட்டார். சொன்னேன். அருளாயி, எந்தக் குடும்பம் என்றார். மேல் பிரிவு என்றேன். அப்பா பேரைச் சொன்னேன், தாத்தா பேரைச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒருவரையும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அவர் குற்றமா.

முழங்காலில் நிற்க முடியவில்லை, நின்றபடியே கேட்டேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

கடைசி பஸ்ஸில் அட்டன். ரொட்டி ஒன்று மிச்சம்.


பெப்ரவரி 10, செவ்வாய்

மழைத் தூறல்.

எடுத்துவிட்டார்கள். கணுக்காலுக்கு மேலே. பதினொரு மணிக்கு ஸ்டெல்லா சொன்னாள். உயிர் நன்றாக இருக்கிறது, மயக்கம் தெளியவில்லை.

ரா. பிரஸை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்த வேண்டாம் என்றேன். திருவிழாவுக்குக் கேட்டிருக்கிற வீடுகள் இன்னும் முடியவில்லை. அடித்தோம். வீட்டு அச்சுக்கும் ரப்பர் வைத்துப் பார்த்தோம், மூலைகள் நன்றாக நிற்கின்றன.

சாயங்காலம் கேட்டாள், அந்தத் தகட்டைப் போய் எடுத்து வரப் போகிறீர்களா என்று. சிலர் அப்படிச் செய்வார்கள், கேட்டது கிடைக்காவிட்டால். எனக்கு அது தோன்றவே இல்லை. அக்கா இந்த மலையைவிட்டுப் போனபோது முழுதாகப் போனாள், அந்த ஒற்றைச் செருப்பைத் தவிர எங்களுக்கென்று ஒன்றும் விட்டுப் போகவில்லை. இப்போது அவளுக்கு இருக்கிற வலது கால் அது ஒன்றுதான், அது இங்கே இருக்கிறது. மேலே, கோயிலில், ஜன்னல் பக்கமாக. அது அங்கேயே நிற்கட்டும் என்றேன்.

ரா. மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.


பெப்ரவரி 11, புதன்

திருவிழா. நான் போகவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது, வெந்நீர் ஒத்தடம்.

உபதேசியார் பந்தலுக்குள்ளிருந்து போன் பண்ணினார், பேர் வாசித்தாயிற்று என்று. பின்னால் பாட்டும் வெடியும். அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

மருந்து: காலை ஒன்று, ராத்திரி ஒன்று. நான்தான் மறந்துவிட்டேன்.


பெப்ரவரி 12, வியாழன்

மீண்டும் பனி. புல்லெல்லாம் வெள்ளை.

பத்து மணி போல ஸ்டெல்லா. அக்கா கண் திறந்துவிட்டாள், பேசுகிறாள், ஆனால் மருந்து மயக்கத்தில் இடம் தெரியவில்லை, தோட்டத்திலேயே இருக்கிற மாதிரி பேசுகிறாள், பயப்படாதீர்கள் மாமா என்று சொல்லிவிட்டுப் போனை அவள் காதில் வைத்தாள்.

குரல் சின்னப் பிள்ளை மாதிரி. நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரோ லயத்துக்குப் போய் வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டாள். காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பழைய லயத்தை ஒரு காம்பிரா அறையிலிருந்து அடுத்ததாக விசாரிக்க ஆரம்பித்தாள், வாசல் வாசலாக நடந்து போகிற மாதிரி.

முதல் காம்பிரா பெருமாள் கங்காணி இருக்காரா என்றாள். இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். அவர் பெண்சாதி. அவரும்தான். அடுத்த காம்பிரா வெள்ளையம்மா. கண்டி ஆஸ்பத்திரியில் போனாள். சூசை மாமா. மரம் விழுந்து. அவர் பிள்ளைகள். வவுனியாப் பக்கம் பிழைக்கப் போனார்கள், சண்டையில் ஒருவரும் மிஞ்சவில்லை. ராமாயி, அவளோடு கொழுந்து எடுத்தவள். போன வருடம். தப்பு மேளம் அடிக்கிற பிச்சை. அவனும் இல்லை.

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு எல்லோர் சாவும் நினைவிருக்கிறது, வாயில் பொய் வரவில்லை. அவள் அழவில்லை. ம், ம் என்று கேட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். கடைசிக்கு வந்துவிட்டாள். கடைசிக் காம்பிரா எங்களுடையது.

அப்பா என்றாள். இல்லை. அம்மா. இல்லை.

"சவரி இருக்கான்ல?"

"இருக்கான்."

"வேற யாரும் இல்லையா? அவன் மட்டும் தனியாவா இருக்கான்?"

"இல்ல. அருளாயி இருக்கா."